ஆண்டவர் மன்னித்த பிறகும் அம்மாவின் சீட்டுப் பணத்தைக் கேட்கலாமா?

சகோதரி, நீங்கள் எழுதியதை மற்றவர்களும் புரிந்துகொள்ளும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். குடியாத்தத்தில் பீடி சுற்றிப் பிழைத்த உங்கள் அம்மா, உங்கள் திருமணத்துக்கென்று மாதந்தோறும் ஏலச்சீட்டுக் கட்டிவந்தார். சீட்டு நடத்தியவர் தவணைகள் முடியுமுன்பே ஊரைவிட்டுப் போய்விட்டார். சில ஆண்டுகள் கழித்து மனந்திரும்பினவராகத் திரும்பி வந்து, நீங்கள் போகிற அதே சபையில் மைக்கைப் பிடித்து, "என் பாவங்களையெல்லாம் ஆண்டவர் சமுத்திரத்தின் ஆழங்களில் போட்டுவிட்டார்" என்று சாட்சி சொல்லுகிறார். அம்மா இப்போது உயிரோடு இல்லை. அவர் பென்சிலால் தவணை குறித்துவைத்த நோட்டு மட்டும் உங்களிடம் இருக்கிறது. பணத்தைப் பற்றி நீங்கள் வாய் திறந்ததும், ஆண்டவரே மன்னித்த பிறகு நீ மன்னிக்காமல் இருக்கலாமா என்று சபையார் சிலர் உங்களையே குற்றவாளியாக்கிவிட்டார்கள். அவரை ஆண்டவர் உண்மையிலேயே மன்னித்தாரா, பணத்தைக் கேட்பது மன்னிக்காமையா, இந்த மனநிலையோடு, அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தில் பங்குபெறலாமா என்று கேட்கிறீர்கள்.

நடுக்கேள்விக்கான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கேட்கலாம். கேட்பது பாவமல்ல. கடவுள் மன்னிப்பது, அவருக்கு முன்பாக மனிதன் சுமக்கிற குற்றத்தை. அயலாருக்குச் செலுத்தவேண்டிய கடனை அந்த மன்னிப்பு ரத்து செய்வதாக வேதத்தில் எங்கும் நான் படித்ததில்லை. அந்தக் கடனைச் செலுத்தும்படி மன்னிக்கப்பட்டவனை அயலாரின் வாசலுக்கு அனுப்புகிற பகுதிகளைத்தான் படித்திருக்கிறேன்.

ஆனால் இதைச் சொல்லும்போது கடவுளுடைய இரக்கத்தின் அளவைக் குறைத்துப் பேசிவிடக் கூடாது. உங்கள் கோபத்துக்கு இதமாக இருக்கும் என்பதற்காக, "அவன் பணத்தைக் கட்டினால்தான் கடவுள் மன்னிப்பார்" என்று நான் எழுதினால், அது நற்செய்தியாக இராது. இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட கள்ளன் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுக்க அவனுக்குக் கைகளும் இல்லை, நாட்களும் இல்லை. அன்றைக்கே பரதீசில் தம்மோடு இருப்பான் என்ற வாக்கு அவனுக்குக் கிடைத்தது. கிறிஸ்தவ விசுவாசத்தின்படி பாவமன்னிப்பு கிறிஸ்துவின் மரணத்தை ஆதாரமாகக் கொண்டு இலவசமாக அருளப்படுகிறது. மனிதன் செய்கிற எந்த ஈடும் அதற்கு விலையாக முடியாது. ஆகவே உங்கள் சபையின் அந்த மனிதரை ஆண்டவர் மன்னிக்கவில்லை என்று தீர்ப்புச் சொல்ல எனக்கோ உங்களுக்கோ அதிகாரம் கிடையாது. அவர் உண்மையாகவே உடைந்த மனதோடு வந்திருக்கலாம்.

இருந்தாலும் அவர் சாட்சியில் பயன்படுத்துகிற வசனத்தை அது இருக்கிற இடத்தில் வைத்துப் படிக்கவேண்டும். சமுத்திரத்தின் ஆழங்கள் என்ற அந்த வாக்கு மீகா தீர்க்கதரிசியின் கடைசி அதிகாரத்தில் வருகிறது. ஆனால் அதே மீகா தம் இரண்டாம் அதிகாரத்தில், பிறருடைய வயல்களையும் வீடுகளையும் இச்சித்துப் பறித்துக்கொள்ளுகிறவர்களைச் சாடுகிறார். பெண்களை அவர்களுடைய வீடுகளிலிருந்து துரத்திவிடுகிறவர்களைப் பெயர் சொல்லாமல் சுட்டிக்காட்டுகிறார். ஆறாம் அதிகாரத்தில், கள்ளத்தராசும் கள்ளப் படிக்கற்களும் வைத்திருக்கிறவனைச் சுத்தமுள்ளவன் என்று எண்ணமுடியுமா என்று கடவுளே கேட்பதாக எழுதுகிறார். அந்தக் கேள்வியைக் கடந்துதான் ஏழாம் அதிகாரத்தின் இரக்கத்துக்கு வரமுடியும். ஏழை எளியவரின் பணம் போன கதையை நன்றாக அறிந்த தீர்க்கதரிசியின் வாயிலிருந்து வந்த வாக்கை, அந்தப் பணத்தைக் கேட்கிறவரின் வாயை அடைக்கப் பயன்படுத்துவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

இனி மோசேயின் நியாயப்பிரமாணம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். லேவியராகமம் ஆறாம் அதிகாரத்திலும் எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரத்திலும், அயலானை வஞ்சித்தவன் தானாக முன்வந்து குற்றத்தை ஒத்துக்கொண்டால், முதலையும் அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்து உரியவனுக்குக் கொடுக்கவேண்டும் என்று கட்டளை இருக்கிறது. லேவியராகமத்தில் வரிசை கவனிக்கத்தக்கது: பொருள் உரியவன் கைக்குப் போவது முதலில் சொல்லப்படுகிறது, குற்றநிவாரண பலிக்கான ஆட்டுக்கடா அதற்குப் பிறகு வருகிறது. எண்ணாகமம் இன்னும் ஒரு படி மேலே போய், உங்களுக்கு நேராகப் பொருந்துகிற ஒரு நிலையையும் எண்ணிப்பார்க்கிறது. வஞ்சிக்கப்பட்டவர் இறந்துபோய், அதை வாங்கிக்கொள்ள நெருங்கிய உறவினர் எவருமே இல்லாவிட்டால், அந்தத் தொகை கர்த்தருக்கென்று ஆசாரியனைச் சேரும் என்கிறது அந்தப் பகுதி. உரியவர் இல்லை என்பதால் கடன் மறைந்துவிடவில்லை. வாங்கிக்கொள்ளப் பிள்ளைகள் இருக்கும்போது எப்படி மறையும்? அம்மாதான் போய்விட்டாரே, இனி யாருக்குக் கொடுப்பது என்று சீட்டு நடத்தியவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதற்கான விடை, இயேசு பிறப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதி வைக்கப்பட்டுவிட்டது.

இது பழைய ஏற்பாடு, நாம் கிருபையின் காலத்தில் இருக்கிறோம் என்று சிலர் சொல்லுவார்கள். அவர்கள் எரிகோ ஊரில் வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவராயிருந்த சகேயுவைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். ஞாயிறு பள்ளியில் அவர் குள்ளமாயிருந்ததையும் காட்டத்திமரத்தில் ஏறியதையும் பாட்டாகப் பாடிவிட்டு நிறுத்திவிடுகிறோம். கதையின் பாரமெல்லாம் மரத்திலிருந்து இறங்கிய பிறகுதான் இருக்கிறது. இயேசு அவரிடம் கணக்குக் கேட்கவில்லை. "சகேயுவே, நீ சீக்கிரமாய் இறங்கிவா, இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்றார். ஊரார் முறுமுறுத்தார்கள். அந்த முறுமுறுப்பில் நியாயம் இருந்தது, ஏனென்றால் வரி என்ற பெயரில் அவர் கைக்குப் போனது அவர்களுடைய பணம். இரக்கம் முந்திக்கொண்டு வந்தது. கணக்கு அதற்குப் பின்னால் வந்தது. "நான் ஒருவனிடத்தில் எதையாகிலும் அநியாயமாய் வாங்கினதுண்டானால், நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்று சகேயு தானாகவே எழுந்து நின்று சொன்னார். தானாக ஒத்துக்கொள்ளுகிறவனுக்கு நியாயப்பிரமாணம் விதித்தது முதலும் ஐந்தில் ஒன்றும் மட்டுமே. நாலத்தனை, அதாவது நான்கு மடங்கு, என்பது யாத்திராகமத்தில், ஆட்டைத் திருடி அடித்தவனுக்கோ விற்றவனுக்கோ விதிக்கப்பட்ட தண்டனை. சகேயு தனக்குத் திருடனின் கணக்கையே போட்டுக்கொண்டார். அதன் பிறகே, இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு அறிவித்தார். பணம் இரட்சிப்பை வாங்கவில்லை. இரட்சிப்பு அந்த வீட்டுக்குள் வந்துவிட்டது என்பதற்கு அந்தப் பணம் அத்தாட்சியாயிற்று. உங்கள் சபையில் சாட்சி சொல்லுகிறவரிடம் ஒருவர் கேட்கவேண்டிய கேள்வியும் இதுதான் என்று நினைக்கிறேன்: ஆண்டவர் உங்கள் வீட்டுக்குள் வந்தபோது, நீங்கள் எழுந்து நின்று என்ன சொன்னீர்கள்?

தாவீதின் ஐம்பத்தோராம் சங்கீதத்தை இதற்கு எதிராக எடுத்து வைப்பவர்கள் உண்டு. "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்று ராஜாவே பாடியிருக்கும்போது மனிதரிடம் என்ன கணக்கு என்பார்கள். தாவீது யாருக்குத் திருப்பிக் கொடுக்கமுடியும்? தாவீது யாருடைய மனைவியை அபகரித்து, போரில் சாகும்படி ஏற்பாடு செய்தாரோ, அந்த உரியா போர்க்களத்தில் செத்துக்கிடந்தான். மேலும் அந்தப் பாவத்தைத் தீர்க்கதரிசியாகிய நாத்தான் வெளிக்கொண்டுவந்தது, ஏழையிடமிருந்து பறிக்கப்பட்ட ஒற்றை ஆட்டுக்குட்டியின் கதையைச் சொல்லித்தான். அதைக் கேட்டு, நாலத்தனையாகத் திரும்பச் செலுத்தவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னதும் தாவீதின் வாயே. கர்த்தர் உன் பாவத்தை நீங்கச் செய்தார் என்று நாத்தான் உடனே அறிவித்தார். ஆனாலும் விளைவுகள் தாவீதின் வீட்டைவிட்டுப் போகவில்லை.

நம் வேலூர்ப் பக்கத்தில் இதை விளக்க ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1940களில் தொழுநோய்க்குச் சல்போன் மருந்துகள் வந்தபோது, உடம்பிலுள்ள கிருமியைக் கொல்ல வழி பிறந்தது. ஆனால் நோய் நீங்கியவர்களின் விரல்கள் வளைந்தபடியே இருந்தன. அந்தக் கையோடு வேலைக்குப் போனவர்களை எவரும் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்டும் அவருடைய குழுவினரும், நல்ல தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையைத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகும் அந்த விரல்கள் மாதக்கணக்கில் பயிற்சி செய்யவேண்டியிருந்தது. வேலூருக்கு அருகிலுள்ள கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் இந்தப் பணி பின்னாளில் தொடர்ந்தது. கிருமி போய்விட்டது என்ற சான்றிதழும், கை திறந்து மூடுகிறது என்பதும் இரண்டு வேறு காரியங்கள். முதலாவதைப் பெற்றவர் இரண்டாவதை வேண்டாம் என்றால், அவர் நோய் நீங்கவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் மருத்துவர் அவரை அப்படியே விட்டுவிடவும் மாட்டார்.

கத்தோலிக்கச் சபையும் இந்த விஷயத்தில் நம்மோடு மாறுபடவில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் குரு பாவமன்னிப்பு வழங்கினாலும், திருடிய பொருளை உரியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் கடமை அப்படியே இருக்கிறது என்பது அவர்களுடைய தெளிவான போதனை. 1517-இல் மார்ட்டின் லூத்தர், பாவத்தின் தண்டனையைக் குறைக்கும் என்று பணத்துக்கு விற்கப்பட்ட பாவப்பலன் சீட்டுகளை எதிர்த்து எழுதிய தொண்ணூற்றைந்து வாசகங்களில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்கவேண்டும் என்பது. மன்னிப்பு இலவசம் என்பதில் அவரைவிட உறுதியாக நின்றவர்கள் குறைவு. அவர்கூட ஒருநாள் மேடைச் சாட்சியோடு மனந்திரும்புதல் முடிந்துவிட்டதாக எண்ணவில்லை.

சபையார் உங்களுக்கு எதிராக எடுத்த மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்துக்கு வருகிறேன். பேதுரு எத்தனைதரம் மன்னிக்கவேண்டும் என்று கேட்க, ஏழுதரமட்டுமல்ல, ஏழெழுபதுதரமட்டும் என்று இயேசு சொல்லி, இரண்டு கடனாளிகளின் உவமையைத் தொடங்குகிறார். ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரன் மன்னிப்புப் பெற்று வெளியே வந்து, தனக்கு நூறு வெள்ளிப்பணம் கடன்பட்டவனின் தொண்டையைப் பிடிக்கிறான். வெள்ளிப்பணம் ஒன்று ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். அப்படியானால் ராஜா விட்டுக்கொடுத்தது ஆறு கோடி நாள் கூலி. இதற்குமுன் நூறு நாள் கூலி ஒன்றுமே இல்லை என்று பிரசங்கங்களில் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அது ஒன்றுமில்லாதது அல்ல. முறத்தை மடியில் வைத்து, இலை வெட்டி, தூளை வைத்துச் சுற்றி, நூல் கட்டி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிய ஒரு பெண்ணுக்கு அது மூன்று மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு. இயேசு சொன்ன தொகை உண்மையான வலியுள்ள தொகை. அதனால்தான் அந்த உவமை நம்மைத் தொடுகிறது.

அந்த உவமையில் ராஜா தனக்கு வரவேண்டிய கடனையே மன்னிக்கிறார். ஊழியக்காரன் மூன்றாம் ஒருவரிடம் பட்ட கடனை அவர் தள்ளுபடி செய்ததாக அங்கே இல்லை. அதோடு, அதே அதிகாரத்தில் பேதுருவின் கேள்விக்குச் சற்று முன்னால் என்ன இருக்கிறது என்பதை உங்கள் சபையார் வாசிக்கவில்லை போலும். உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால், தனிமையில் போய் அவனிடம் உணர்த்து. கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரை அழைத்துக்கொண்டு போ. அதற்கும் இணங்காவிட்டால் சபைக்குச் சொல் என்று இயேசு படிப்படியாக வகுத்துத் தருகிறார். ஏழெழுபதுதரம் மன்னிக்கச் சொன்ன அதே வாய் இதையும் சொன்னது. குற்றத்தைக் குற்றம் என்று சொல்லுவது மன்னிப்புக்கு முரணாக இருந்திருந்தால், இரண்டையும் ஒரே அதிகாரத்தில் மத்தேயு சேர்த்திருக்கமாட்டார்.

அதற்காக அந்த உவமை உங்களை விட்டுவிடுகிறது என்றும் சொல்லமாட்டேன். உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருந்தது: அவருடைய பிள்ளைகளும் இதேபோல நடுத்தெருவில் நிற்கவேண்டும் என்று சில இரவுகளில் ஜெபித்ததாக எழுதியிருந்தீர்கள். உண்மையாக எழுதியதற்காக உங்களை மதிக்கிறேன். பணத்தைக் கேட்பதை அல்ல, இந்த ஜெபத்தை விட்டுவிடும்படிதான் கிறிஸ்து உங்களிடம் கேட்கிறார். மனப்பூர்வமாக மன்னிப்பது என்பது, பழிவாங்கும் உரிமையைக் கடவுளிடம் ஒப்படைப்பது. நடந்ததை நடக்கவில்லை என்று சொல்லுவதோ, வலிக்கவில்லை என்று நடிப்பதோ, நாளைக்கே அவரிடம் வேறொரு சீட்டுக் கட்டுவதோ அதற்குள் அடங்காது. யோசேப்பு தன்னை விற்றுப்போட்ட சகோதரருக்கு மனதார மன்னித்தவன். அப்படியிருந்தும் தன்னை யாரென்று உடனே காட்டிக்கொள்ளவில்லை. அவர்களை இரண்டுதரம் எகிப்துக்கு வரவைத்து, பென்யமீனுக்குப் பதிலாக யூதா தன்னையே அடிமையாக ஒப்புக்கொடுக்கக் கண்டபிறகே வாய்விட்டு அழுதான். மன்னிப்பு அவன் உள்ளத்தில் எப்போது உண்டாயிற்று என்பது நமக்குத் தெரியாது. நம்பிக்கை திரும்புவதற்குக் காலமும் அத்தாட்சியும் வேண்டியிருந்தது என்பது மட்டும் தெரிகிறது.

இதை வைத்துத்தான் திருவிருந்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கும் விடை சொல்லவேண்டும். இயேசு கற்பித்த ஜெபத்தில், "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்ற இடம் வரும்போது நாக்கு எழவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆயராகப் பணிசெய்த காலத்தில் இதையே என்னிடம் சொன்னவர்கள் பலர், அதிலும் பெரும்பாலும் அநியாயம் அனுபவித்தவர்களே. அநியாயம் செய்தவர்கள் அந்த வரியைத் தடையில்லாமல் சொல்லிவிடுகிறார்கள். உங்களைத் திருவிருந்திலிருந்து விலகியிருக்கச் சொல்லமாட்டேன். மன்னிக்க முடிந்தவர்களுக்கு மட்டும் வைக்கப்பட்ட பந்தி அல்ல அது. மன்னிக்கும் பலம் அங்கேதான் பரிமாறப்படுகிறது. மன்னிக்க விருப்பத்தைத் தாரும் என்று கேட்டுக்கொண்டு போங்கள். விருப்பம்கூட இல்லாவிட்டால், அதையும் அப்படியே சொல்லுங்கள்.

அந்த மனிதருக்கு ஒரு வசனம் இருக்கிறது, அது உங்களுக்குரியது அல்ல. பலிபீடத்தண்டையில் காணிக்கையைக் கொண்டுவரும்போது, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்பது மலைப்பிரசங்கம். போகவேண்டியவன் குறைக்குக் காரணமானவன். 1950-இல் தென்னிந்தியத் திருச்சபை தன் திருவிருந்து ஒழுங்கை அமைத்தபோது, காணிக்கைக்கு முன்னால், ஒருவர் கையை ஒருவர் பற்றிச் சமாதானம் பகிர்ந்துகொள்ளும் பழைய வழக்கத்தை மீண்டும் சேர்த்தது இந்த வசனத்தின் கருத்தோடு பொருந்துகிறது. ஆனால் நம் சபைகளில் மவுனமாக நம்மை ஆராய்வோம் என்று சொல்லித் தலை குனிவதற்குள் அடுத்த வரி தொடங்கிவிடுகிறது. சமாதானமும் பக்கத்தில் நிற்கிற வேண்டியவர்களோடு முடிந்துவிடுகிறது. எதிர்வரிசையில் நிற்கிற கடன்காரரிடம் எவரும் நடந்துபோய் நான் பார்த்ததில்லை.

சபையாரும் ஒரு காரியம் செய்யலாம். ஒநேசிமு என்ற அடிமையை அவனுடைய எஜமானாகிய பிலேமோனிடம் திருப்பி அனுப்பும்போது, கடந்ததை மறந்துவிடு என்று பவுல் எழுதவில்லை. அவன் உமக்குக் கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும், நான் செலுத்தித் தீர்ப்பேன் என்று தன் கையாலேயே எழுதிக்கொடுத்தார். மன்னிப்பில் எப்போதும் ஒருவர் விலை கொடுக்கிறார். அந்த விலையை அநியாயம் அனுபவித்தவர் தலையிலேயே கட்டிவிடாமல், பரிந்துபேசுகிறவர் தம் தோளில் ஏற்றுக்கொள்ளுவதுதான் பவுலின் வழி. உங்களை மன்னிக்கச் சொன்னவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு முதல் தவணையைக் கட்டிவிட்டு அதன்பிறகு பேசியிருந்தால், அவர்கள் பேச்சுக்கு எடை இருந்திருக்கும்.

கொரிந்தியர் முதல் நிருபம் ஆறாம் அதிகாரத்தைக் காட்டி, விசுவாசிகள் வழக்காடக் கூடாது, நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்றும் சொல்லுவார்கள். அங்கே பவுல், சகோதரருக்குள் வழக்கைத் தீர்க்கத்தக்க விவேகி ஒருவன்கூட உங்களுக்குள் இல்லையோ என்று சபையை வெட்கப்படுத்துகிறார்; அடுத்த மூச்சிலேயே நஷ்டம் உண்டாக்குகிறவர்களைக் கண்டிக்கிறார். ஆகவே முதலில் உங்கள் ஆயரிடமும் சபைக்குழுவிடமும் எழுத்தில் கொடுத்து, நோட்டை வைத்துத் தொகையைக் கணக்கிட்டு, தவணை முறையில் ஒரு ஒப்பந்தம் எழுதும்படி கேளுங்கள். அவர்கள் செய்ய மறுத்தால், வழக்கறிஞரைப் பார்ப்பதில் தவறு இல்லை. 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு பெறாமல் சீட்டு நடத்துவதே குற்றம். பண வழக்குகளுக்குக் காலவரம்பு உண்டு என்பதால் தாமதிக்கவேண்டாம். அந்த வரம்பு கடந்துபோயிருந்தாலும், அதனால் அவருடைய மனச்சாட்சியின் கடன் தீர்ந்துவிடாது என்பதைச் சபைக்குழு அவருக்கு எடுத்துச் சொல்லலாம்.

ஒருவேளை அவரிடம் உண்மையிலேயே எதுவும் மிச்சமில்லை என்று தெரியவந்தால், பாதியையோ முழுவதையோ விட்டுக்கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. அது உங்கள் இரக்கமாக இருக்கும். ஆயரோ சபையாரோ உங்கள் சார்பில் அதை வழங்கமுடியாது. நோட்டிலிருக்கிற பணத்தில் உங்கள் தம்பிக்கும் பங்கு இருக்கிறபடியால், எந்த முடிவுக்கும் முன்னால் அவரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.